விலை எங்கே முடிகின்றது?

பழுது பார்த்துப் பயன்படுத்துவது நம் வட்டாரத்து மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமன்று. லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல் பெற்றுள்ள பெயரை நாடறியும். பதினைந்து ஆண்டுகள் ஓடிக் களைத்த வண்டியையும் பட்டறைக்குள் கொண்டுவந்து, இஞ்சினை இறக்கி, தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றி, மீண்டும் நெடுஞ்சாலைக்கு அனுப்பி வைக்கும் கைகள் இங்கே ஏராளம். ராசிபுரத்தையும் வெண்ணந்தூரையும் சுற்றியுள்ள ஊர்களில் கைத்தறியின் மரச்சட்டம் விரிசல் கண்டால் தச்சரை அழைக்கின்றோம். தறியை விறகாக்கிவிட்டுப் புதுத் தறி போடுங்கள் என்று எந்தத் தச்சரும் நம்மிடம் சொன்னதில்லை. ஜவ்வரிசி ஆலையில் மோட்டார் புகைந்துவிட்டால் அது காயில் கட்டும் கடைக்குப் போகின்றது. சில நாட்களில் திரும்பி வந்து முன்போலவே சுழல்கின்றது.

இவையெல்லாம் கைத்திறத்தால் மட்டும் நடப்பனவல்ல. மூன்று வசதிகள் அதற்குத் துணை நிற்கின்றன. பொருளைத் திறக்க முடிகின்றது. உள்ளே இருக்கும் உறுப்பு கடையில் கிடைக்கின்றது. அவ்வுறுப்பின் விலை முழுப்பொருளின் விலையோடு ஒப்பிடுகையில் நியாயமாய் இருக்கின்றது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எத்துணைத் திறமை வாய்ந்த கைக்கும் அங்கே வேலையில்லை.

இம்மூன்றுமே குறைந்த ஒரு பொருள் இன்று நம் இல்லங்களுக்குள் ஓசையின்றி நுழைந்திருக்கின்றது. பிள்ளைகள் கையில் வைத்து ஆடும் வீடியோ விளையாட்டுக் கருவியையே குறிப்பிடுகின்றேன். “விளையாட்டுச் சாமான்தானே, இதற்கொரு கட்டுரையா?” என்று சிலர் நகைக்கக்கூடும். பல குடும்பங்களின் ஒரு மாத வருமானத்தையே விழுங்கும் விலையுள்ள ஒன்றை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட முடியுமா?

செல் போட்டு ஆடிய காலம்

இக்கருவிகள் எக்காலத்திலும் இப்படி இருந்தவையல்ல. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1980-ஆம் ஆண்டு ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற சிறு கருவியை வெளியிட்டது. ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, அந்நிறுவனத்தின் குன்பெய் யோகோய் என்பவருக்கு அந்த எண்ணம் உதித்ததாகச் சொல்வர். 1989-இல் அவருடைய குழுவினரின் உழைப்பில் ‘கேம் பாய்’ பிறந்தது. ஜப்பானில் அதன் விலை 12,500 யென்.

விலை மலிந்து, பலராலும் நன்கு அறியப்பட்டுவிட்ட பழைய தொழில்நுட்பத்தையே புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையோடு வந்தன. அவற்றுக்கு ஆறு செல்கள் தேவைப்பட்டன. வண்ணமற்ற கேம் பாய்க்கு நான்கு செல்களே போதுமானவை. செல் தீர்ந்தால் பெட்டிக்கடைக்கு ஓடிச் சென்று வேறு செல் வாங்கி, பின்மூடியைத் தள்ளித் திறந்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை அது. 1990-களில் நம் ஊர்ச் சந்தைகளில் விற்ற ‘பிரிக் கேம்’ பெட்டிகளை வாசகர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984-இல் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ என்ற ஆட்டத்தின் வழி வந்தவை அவை. அவையும் செல் போட்டு ஆடியவையே.

பின்னர் மின்னூட்டம் செய்யும் பாட்டரிகள் வந்தன. அப்போதும் கதவு அடைபடவில்லை. 2004-ஆம் ஆண்டு சோனி நிறுவனம் வெளியிட்ட பி.எஸ்.பி. என்ற கருவியின் பாட்டரியைக் கையாலேயே கழற்றலாம். அதே நிறுவனம் 2011-இல் வெளியிட்ட பி.எஸ். வீட்டாவிலோ பாட்டரி உள்ளே போய் மறைந்துகொண்டது. இப்படியே ஒவ்வொரு கருவியாகக் கதவைச் சாத்திக்கொண்டது.

எங்கள் இல்லத்துக் கணக்கு

என் மருமகன் லாரி ஓட்டுநர். வடநாட்டுப் பாதைகளில் ஓடி, பேட்டாப் பணத்தில் எட்டு மாதங்கள் மிச்சம் பிடித்து, மகனுக்கு இத்தகைய கருவி ஒன்றைச் சேலத்துக் கடையொன்றில் 18,500 ரூபாய்க்கு வாங்கி வந்தார். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இல்லாத தந்தை, மகனோடு அமர்ந்து ஆடுவதற்கென்று வாங்கிய பொருள் அது. அதைச் செய்த நிறுவனத்தின் பெயரோ, விற்ற கடையின் பெயரோ இங்கு வேண்டியதில்லை. ஒரு கடையைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. கடைக்குக் கடை நிகழ்வதையே எழுதுகின்றேன்.

பதினான்காம் மாதத்தில் கருவியின் பின்பக்கம் மெல்ல மேலெழும்பத் தொடங்கிற்று. மின்னூட்டம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. வாங்கிய கடையில் கேட்டபோது கிடைத்த விடை இது: “கம்பெனிக்கு இந்தியாவுல சர்வீஸ் சென்டர் கிடையாதுங்க. கடை வாரண்டி ஒரு வருசம்தான். அதும் முடிஞ்சு போச்சுங்க. பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க, மூவாயிரம் கழிச்சுக்கறோம்.”

மருமகன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவருக்குச் சினத்தைவிட வியப்பே மிகுதியாக இருந்தது. “நடுக்காட்டுல லாரி நின்னாக்கூடப் பிரிச்சுப் பார்த்துக் கிளப்பிட்டு வர்றோங்க மாமா. கையகலப் பெட்டியைப் பிரிக்க முடியாதுங்கறாங்களே!” என்றார்.

ராசிபுரம் பேருந்து நிலையத்தருகே செல்போன் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கின்றார். அவரிடம் கொண்டு சென்றோம். சாதாரணத் திருப்புளிக்கு அந்தத் திருகாணிகள் இடம் கொடுக்கவில்லை. அதற்கெனத் தனி முனை வேண்டியிருந்தது. அவரிடம் அது இருந்தது. உள்ளே பாட்டரி வலுவான பசையால் அடிச்சட்டத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. அவர் பொறுமையாக அதை விடுவித்தெடுத்து, “பாட்டரி உப்பிப் போச்சுங்க சார். கெட்டது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பசை போட்டு ஒட்டாம ரெண்டு திருகாணி போட்டிருந்தா வீட்டிலேயே மாத்தியிருக்கலாங்க” என்றார்.

புதிய பாட்டரி வெளிநாட்டிலிருந்து வர ஏழு வாரங்கள் ஆயின. பாட்டரியின் விலை 1,600 ரூபாய். வரவழைக்கும் செலவும் வரியும் 2,000 ரூபாய். அந்த இளைஞரின் கூலி 600 ரூபாய். ஆக 4,200 ரூபாயில் கருவி உயிர் பெற்றது. இன்றும் நன்றாகவே இயங்குகின்றது.

இக்கணக்கை வாசகர்கள் ஒருமுறை நிதானமாக நோக்க வேண்டுகின்றேன். கெட்டுப்போனது 1,600 ரூபாய்ப் பொருள். அதைச் சீர் செய்யும் அறிவு நம் ஊரிலேயே 600 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் அந்த உறுப்பு இங்கே கடையில் கிடைக்காத காரணத்தால் 2,000 ரூபாய் வழிச்செலவாயிற்று. கடையில் கேட்டதோ, மூவாயிரம் போக மீதி 15,500 ரூபாய். பழுது பார்க்க இயலாத பொருள் என்று நமக்குச் சொல்லப்பட்டது உண்மையன்று. பழுது பார்க்க இயலாததாக அது ஆக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இந்தக் கட்டுரையின் பொருள்.

காத்திருந்த வாரங்களில் பேரன் ஒருநாள், “தாத்தா, புதுசே வாங்கிடலாமே” என்றான். அவன்மீது குற்றமில்லை. பொருள் கெட்டால் வேறு வாங்குவதே முறை என்று அக்கருவியே அவனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் தந்தையின் எட்டு மாத மிச்சத்தைப் பதினான்கு மாதத்தில் தூக்கி எறியக் கற்பிக்கும் அந்தப் பாடம், பணத்தை இழப்பதைவிடக் கொடியது.

உலகறிந்த ஒரு வழக்கு

எங்கள் வீட்டில் நடந்தது தனியொரு குடும்பத்தின் துன்பமன்று. உலகின் பெருநாடுகளிலும் இதே மனக்குறை எழுந்திருக்கின்றது. அதற்கு நன்கறிந்த சான்று நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘ஸ்விட்ச்’ என்ற கருவி. (எங்கள் வீட்டுக் கருவி இந்நிறுவனத்தினுடையதன்று, அதற்கு நேர்ந்த பழுதும் வேறு.) 2017-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் வெளிவந்த ஸ்விட்ச், உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கின்றது. அதன் இருபுறமும் மாட்டும் கைப்பிடிகளில் கட்டைவிரலால் அசைக்கும் சிறு குமிழ்கள் உண்டு. அக்குமிழுக்கு அடியில் நுண்ணிய தொடுமுனைகள் ஒரு தடத்தின்மேல் உரசிக்கொண்டே இருக்கும். உரச உரசத் தேய்மானம் ஏற்படும். தேய்ந்தபின், விரல் படாதபோதும் திரையிலுள்ள உருவம் தானாகவே ஒரு பக்கமாக நகரத் தொடங்கும்.

அமெரிக்காவில் 299.99 டாலருக்கு விற்ற அக்கருவியின் ஒரு சோடிக் கைப்பிடியின் விலை 79.99 டாலர். சிறு தடமொன்று தேய்ந்ததற்காகக் கருவியின் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கொடுக்க வேண்டிய நிலை. 2019-இல் வந்த ‘ஸ்விட்ச் லைட்’ வகையில் கைப்பிடி தனியாகக் கழலாது. அதனால் குமிழ் கெட்டால் கருவி முழுவதையுமே பழுதுக்கு அனுப்ப வேண்டும்.

2019 ஜூலையில் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2020 ஜூனில் நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட தொல்லைக்காகப் பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்கள் கிட்டத்தட்ட 25,000 புகார்களைத் திரட்டி, 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டன. அப்புகார்களில் நூற்றுக்கு 88-இல், வாங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே கைப்பிடி கெட்டுப்போயிருந்தது. பிரிட்டனின் ‘விச்?’ என்னும் நுகர்வோர் அமைப்பு கெட்டுப்போன கைப்பிடிகளை ஆராயச் செய்தபோது, சில மாதப் பயன்பாட்டிலேயே உள்ளுறுப்புகள் தேய்ந்திருந்தது கண்டறியப்பட்டது. முடிவில் 2023-ஆம் ஆண்டு, வாரண்டி காலம் கடந்திருந்தாலும் இப்பழுதைக் கட்டணமின்றிச் சரி செய்து தர அந்நிறுவனம் ஐரோப்பாவில் ஒப்புக்கொண்டது.

ஐரோப்பியக் குடும்பங்களுக்குக் கிடைத்த இந்த நிவாரணம் நமக்கு எட்டாதது. இந்தியாவில் ஸ்விட்ச் அந்நிறுவனத்தாரால் முறைப்படி வெளியிடப்படவில்லை. தனியார் வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து தருவித்தே இங்கு விற்றார்கள். வேறு பல கருவிகளின் நிலையும் இதுவே. இவ்வாறு வரும் பொருளுக்கு இங்கே விலையும் கூடுதல். பழுது நேர்ந்தால் பொறுப்பேற்பாரும் இல்லை. அயல்நாட்டுப் பிள்ளைக்கு விற்கும் அதே பொருளைக் கூடுதல் விலையும் குறைந்த பாதுகாப்புமாக நம் பிள்ளை பெற்றுக்கொள்கின்றான்.

விலைச் சீட்டில் காணாத விலை

விலையைப் பற்றிய மனக்குறை பழுதோடு முடிவதில்லை. பி.எஸ். வீட்டா கருவி சாதாரண நினைவக அட்டைகளை ஏற்காது; அதற்கென்றே செய்த அட்டைதான் வேண்டும். 32 ஜிபி அட்டை ஒன்றின் விலை அமெரிக்காவில் தொடக்கத்தில் 99.99 டாலர். கருவியை வாங்கியபின்பே இந்த இரண்டாம் விலை பலருக்குத் தெரியவந்தது.

2011 பிப்ரவரியில் நிண்டெண்டோவின் ‘3டிஎஸ்’ கருவி ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் விலை 15,000 யென்னாகக் குறைந்தது. முதலில் வாங்கியவர்கள் ஏமாற்றமடைந்தனர். அவர்களை ஆற்றுவதற்காக நிறுவனம் இருபது பழைய ஆட்டங்களை இலவசமாக அளித்தது. அக்காலத்தில் பொருள் பழையதாக ஆக விலை இறங்கும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. 2025 ஆகஸ்டிலோ, எட்டாண்டு பழகிய ஸ்விட்ச் வகைகளின் விலையை அமெரிக்காவில் அந்நிறுவனம் உயர்த்திற்று. அதற்கு இரு மாதங்களுக்கு முன், ஜூன் 5-ஆம் நாள், ஸ்விட்ச் 2 வெளிவந்திருந்தது. அமெரிக்க விலை 449.99 டாலர். அதைப் பிரித்து ஆராய்ந்த ‘ஐஃபிக்ஸிட்’ என்னும் பழுதுபார்ப்பு அமைப்பு, செப்பனிடும் எளிமைக்குப் பத்துக்கு மூன்றே மதிப்பெண் தந்தது. பாட்டரி இன்னமும் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றது. குமிழும் உரசித் தேயும் வகையினதே.

தேயாத குமிழ் செய்ய இயலாதா? இயலும். காந்தத்தின் துணையால் உரசலின்றி இயங்கும் குமிழை, சேகா நிறுவனம் 1998-ஆம் ஆண்டிலேயே தன் ‘டிரீம்காஸ்ட்’ கருவியின் கைப்பிடியில் பயன்படுத்தியிருக்கின்றது. ஆகவே வழி தெரியாமையால் நேர்ந்த குறையன்று இது.

மறுபக்கத்தின் நியாயம்

உற்பத்தியாளர் கூறும் காரணங்களையும் நாம் நேர்மையுடன் கேட்க வேண்டும். கருவி மெலிதாக இருக்க வேண்டுமானால் பசை தேவை என்கின்றனர். லித்தியம் பாட்டரி தவறான கையில் தீப்பற்றும் என்கின்றனர். கருவியைத் திறக்கவிட்டால் ஆட்டங்களைத் திருட்டுத்தனமாகப் படியெடுக்க வழி பிறக்கும் என்கின்றனர்.

இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பாட்டரி ஆபத்தானது என்றால், உப்பிய பாட்டரியை எளிதில் அகற்ற வழி வைப்பதன்றோ பாதுகாப்பு? ஒட்டிய பாட்டரியைக் கத்தி கொண்டு நெம்பும்போதுதான் ஆபத்து மிகுதி. திருட்டைத் தடுப்பது நியாயமே. ஆனால் பாட்டரியையும் குமிழையும் மாற்றுவதற்கும் ஆட்டத்தைப் படியெடுப்பதற்கும் என்ன தொடர்பு? மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்குச் சான்றும் இருக்கின்றது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் தன் ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்கக் கருவிக்கு வேண்டிய உறுப்புகளை 2022-ஆம் ஆண்டு முதல் ஐஃபிக்ஸிட் வாயிலாகப் பொதுமக்களுக்கே விற்கச் செய்தது. அதனால் அந்நிறுவனம் அழிந்துவிடவில்லை.

சட்டம் எங்கே நிற்கின்றது?

மின்னணுப் பொருட்களைப் பழுது பார்க்கும் உரிமைக்காகக் கலிபோர்னியா மாநிலம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2024 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. செல்போனுக்கும் கணினிக்கும் அது பொருந்தும். வீடியோ விளையாட்டுக் கருவிக்கோ விலக்கு அளித்துவிட்டது. மின்னசோட்டா மாநிலச் சட்டமும் அவ்வாறே விலக்கு அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் சென்றது. சிறு கருவிகளிலுள்ள பாட்டரியைப் பயன்படுத்துவோரே எளிதில் கழற்றி மாற்ற முடியவேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு விதி வகுத்து, 2027 பிப்ரவரி 18-ஆம் நாளை அதற்குக் கெடுவாகக் குறித்தது.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்துள்ளன. வாகன உதிரி உறுப்புகளை வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதத் தொகையைக் குறித்து மேல்முறையீடுகள் நடந்தன என்றாலும், உறுப்பை ஒளித்து வைப்பது குற்றம் என்ற கருத்து இந்நாட்டில் பதிவாகிவிட்டது. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், செல்போன்களும் டேப்லெட்களும், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் இட்டு அட்டையில் காட்டும் திட்டத்தைப் பற்றிய அறிக்கை, 2025 மே மாதத்தில் அரசிடம் அளிக்கப்பட்டது. அதுவும் செல்போனையும் டேப்லெட்டையும் கொண்டே தொடங்க வேண்டும் என்கின்றது. விளையாட்டுக் கருவிக்கு அங்கே இடமில்லை.

ஆனால் வேறோர் இடத்தில் இக்கருவிக்கு இடமுண்டு. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கருவிகளும் இருக்கின்றன. குப்பையாகும்போது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் பொருள், பழுதாகும்போது மட்டும் தெரியாமற்போவது என்ன நீதி?

பெற்றோர் செய்யத்தக்கவை

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், கடைக்காரரிடம் நான்கு கேள்விகளைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. வாரண்டி கம்பெனியினுடையதா, கடையினுடையதா? பழுது பார்க்கும் நிலையம் தமிழ்நாட்டில் எங்குள்ளது? பாட்டரியும் குமிழும் கெட்டால் மாற்ற என்ன செலவாகும்? நினைவக அட்டை, ஆட்டங்கள் இவற்றுக்குத் தனியே என்ன விலை? விடைகளைப் பில்லின் பின்புறத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் வாங்கவும் தயங்குவதே நலம்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்து உறையிட்டு விற்கும் பொருளின்மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், புகாருக்குரிய தொடர்பு விவரமும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அவை இல்லாத பெட்டிக்குப் பின்னால் நாளை பேசுவதற்கு ஆளும் இருக்க மாட்டார்.

பழுது நேர்ந்து நியாயம் கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் நாமக்கல்லிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். 2020 ஜூலை 20 முதல் நடப்பிலுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆதலால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பொருளின் குறையால் பிள்ளையின் கைக்கோ வீட்டிலுள்ள வேறு பொருளுக்கோ தீங்கு நேர்ந்து, அதைச் செய்த நிறுவனம் இந்தியச் சட்டத்துக்கு எட்டாததாக இருந்தால், விற்றவரையே பொறுப்பாளியாக்கலாம் என்று அச்சட்டத்தின் 86-ஆம் பிரிவு கூறுகின்றது. “கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது” என்பது எல்லா இடத்திலும் தப்பிக்கும் வழியாகிவிடாது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உப்பிய பாட்டரியை அழுத்தவோ, குத்தவோ, மின்னூட்டம் செய்யவோ கூடாது. வீட்டுக் குப்பையோடு எறியவும் கூடாது. அறிந்தவரிடம் கொடுத்து அகற்றச் செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் விட முதன்மையான கடமை ஒன்று நம் இல்லத்துக்குள்ளேயே இருக்கின்றது. பழுதான பொருளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் பேரன் அந்த இளைஞரின் மேசையருகே ஒரு மணி நேரம் நின்று, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். புதியதை வாங்கித் தந்திருந்தால் அவன் அதைக் கற்றிருக்க முடியாது.

பொருளின் விலை கடையில் பணம் கொடுக்கும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. அது கெடும் நாளில் எவ்வளவு கேட்கும் என்பதும் சேர்ந்ததே அதன் விலை. அந்த இரண்டாம் விலையை மறைத்து விற்பவரிடம் முதல் விலையைக் கொடுக்க மறுப்போமாக. வாங்குவோர் பலரும் இவ்வாறு கேட்கத் தொடங்கினால் விற்பவரும் கேட்பார். விற்பவர் கேட்டால் செய்பவரின் காதிலும் அது விழாமற்போகாது. பசைக்குப் பதிலாக இரண்டு திருகாணிகள்: நாம் வேண்டுவது இவ்வளவே.